வேற்று மண்ணில் ஒரு விறகுக் காடு

உப்பு நடந்த வழி – அத்தியாயம் 11

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில் லோஃபர் என்றொரு மலையூர். அதை ஒட்டியே சாங்க்ட் மார்ட்டின் என்ற இன்னும் சிறிய ஊர். அங்கே ஒரு வன அலுவலகம் இருக்கிறது. ஊர் ஆஸ்திரியாவில், நடைமுறையில் உள்ள வனச்சட்டம் ஆஸ்திரியாவுடையது. ஆனால் அந்த அலுவலகம் ஜெர்மனியின் பவேரிய மாநிலத்துடையது. அதன் ஊழியர்கள் குறியிட்டு வெட்டும் மரங்களின் உரிமையும் பவேரியாவுக்கே. சுற்றியுள்ள மலைகளில் 18,000 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 45,000 ஏக்கர் நிலம், பவேரிய அரசின் சொத்து. மரம் வளரும் காடு அதில் 11,000 ஹெக்டேர் அளவுக்கு வரும். மீதமெல்லாம் பாறை, சரளைச் சரிவு, மேய்ச்சல்வெளி.

இதற்கு 'ஸால்ஃபோர்ஸ்ட்டெ' என்று பெயர். ஸாலாக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் காடுகள் என்று பொருள். நாம் ஸாலாக் காடுகள் என்றே அழைப்போம். ஒரு நாட்டின் மாநில அரசு இன்னொரு நாட்டில் இவ்வளவு பெரிய காட்டை எப்படி வைத்திருக்கிறது என்று கேட்டால், பதில் ஒரே சொல்தான்: உப்பு. சென்ற அத்தியாயத்தில் ஹாலைன் நகருக்கு மேலே ட்யூர்ன்பெர்க் மலைச் சுரங்கத்தைப் பார்த்தோம். அந்தச் சுரங்கத்தின் மறுபாதிக் கதை இந்தக் காட்டில் இருக்கிறது.

முதலில் நில அமைப்பைப் பார்த்துவிடுவோம். அது புரியாமல் வரலாறு புரியாது.

ஸாலாக் ஆறு கிட்ஸ்பூயல் மலைகளில் பிறந்து, வடக்கே திரும்பி ஸால்ஃபெல்டனைக் கடக்கிறது. பிறகு சுண்ணாம்புப் பாறை மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இறங்குகிறது. மேற்கே லெயோகாங், லோஃபர் கல்மலைகள்; கிழக்கே 'கற்கடல்' என்று பெயர் பெற்ற பீடபூமி, ஹோக்கால்ட்டர், ரைட்டர் ஆல்ம். லெயோகாங் மலைகளின் உச்சியான பிர்ன்ஹார்ன் 2,634 மீட்டர் உயரம். வைஸ்பாக், லோஃபர், உன்கன் ஊர்களைத் தொட்டு, ஸ்டைன்பாஸ் என்ற கணவாயருகே எல்லையைத் தாண்டி பவேரியாவுக்குள் நுழைகிறது ஆறு. அங்கே முதலில் வரும் பெரிய ஊர் ரைகன்ஹால். அதையும் கடந்து சால்ஸ்பர்க் நகரத்தின் விளிம்பில் சால்ஸாக் ஆற்றோடு கலந்துவிடுகிறது.

இதில் நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுதான். காடு இருப்பது மேலே. உப்பு இருப்பது கீழே, ரைகன்ஹாலில். நடுவில் ஓடும் ஆறு மேலிருந்து கீழே வருகிறது. வண்டியும் மாடும் போகமுடியாத மலையில் மரம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆறு உப்பூரை நோக்கி ஓடியதால்தான் இந்தக் காட்டுக்கு விலை வந்தது. விலை வந்ததால் உரிமைச் சண்டை வந்தது. சண்டையால் ஒப்பந்தம் வந்தது.

சுண்ணாம்பு மலைக்கு ஒரு குணம் உண்டு. மழை எவ்வளவு பெய்தாலும் பாறைப் பிளவுகளுக்குள் இறங்கிவிடும். வைஸ்பாக் அருகே லாம்ப்ரெக்ட்ஸோஃபன் என்ற குகை 1,700 மீட்டருக்கு மேல் ஆழம் கண்டது. உலகின் மிக ஆழமான குகைகளில் ஒன்று. மலையின் உள்ளே இவ்வளவு வெற்றிடம் என்றால் மேலே மண் எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊசியிலைச் சருகும் பாசியும் பல நூற்றாண்டுகளாக மக்கிச் சேர்ந்த போர்வை அது. ஒரு சரிவை மொட்டையடித்தால் அடுத்த சில மழைகளில் போர்வை கழுவிப் போய் வெள்ளைப் பாறை தெரியும். பாறை வெளியே வந்துவிட்ட இடத்தில் மறுபடி மரம் நிற்க ஒரு மனித ஆயுள் போதாது. மக்கள் குடியேறி ஊர் அமைக்காமல் விட்டதற்கும், அரசுகள் இதைக் காடாகவே கட்டிக் காத்ததற்கும் இந்த மண் ஒரு காரணம்.

இனி உப்புக்கு வருவோம். கடற்கரையில் உப்பளத்தில் பாத்தி கட்டி, வெயிலை வேலைக்கு வைத்து உப்பெடுக்கிறார்கள். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அந்த வெயில் கிடையாது. ரைகன்ஹாலில் தரைக்கடியிலிருந்து உவர்நீர் ஊற்றாகவே வருகிறது. அதை அகன்ற இரும்புக் கொப்பரைகளில் ஊற்றி இரவு பகலாகக் கொதிக்கவிட வேண்டும். நீர் வற்றி, உப்புப் படிந்து, அதை நீண்ட கோலால் வாரி ஓரத்துக்கு இழுத்து, கூம்புகளாக அடித்துக் காயவைக்க வேண்டும். அடுப்பு அணையக்கூடாது. உப்பு வெள்ளைத் தங்கம் என்று பேசப்பட்ட காலம் அது. ஆனால் அந்தத் தங்கத்தைச் செய்ய விறகு மலைமலையாக எரிந்தது. ஊற்று வற்றாது, விறகு வற்றும். உப்பூர்களின் அரசியல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

ரைகன்ஹால் பவேரிய கோமகன்களின் ஊர். அதன் கொப்பரைகளுக்கு விறகு வந்த மேல்பள்ளத்தாக்கும் ஆதியில் அவர்கள் ஆட்சிக்குள்தான் இருந்தது. அந்த மேல்நாட்டுக்குப் பின்ட்ஸ்காவ் என்று பெயர். 1228இல் பின்ட்ஸ்காவ் சால்ஸ்பர்க் பேராயர் இரண்டாம் எபர்ஹார்ட்டின் கைக்குப் போனது. சால்ஸ்பர்க் பேராயர் என்றால் வெறும் சமயத் தலைவர் இல்லை. நாடும் படையும் வரியும் உடைய அரசர். நிலம் கைமாறியது. ஆனால் அங்கிருந்து ரைகன்ஹாலுக்கு விறகெடுக்கும் உரிமையைப் பவேரியா விடவில்லை. அன்று தொடங்கி அடுத்த 600 ஆண்டுகள் இரண்டு தரப்பும் எந்த மலை யாருடையது, எந்த ஓடையில் யார் கட்டை இறக்கலாம், உள்ளூர்க் குடியானவன் எத்தனை மரம் வெட்டலாம் என்று ஓயாமல் வழக்காடின.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பேராயருக்கும் சொந்த உப்பு இருந்தது. ஹாலைனின் ட்யூர்ன்பெர்க் மலைக்குள் கெல்ட்டியர் காலத்திலேயே குடைந்த உப்புப் படுகை அது. தோண்டத் தோண்டப் படுகை தென்மேற்கே நழுவிக்கொண்டே போனது. மேலே தரையில் எல்லைக்கல் நின்ற இடத்தைத் தாண்டி, பெர்க்டெஸ்காடன் என்ற அண்டை மடத்து நாட்டின் கீழே போய்விட்டார்கள் சுரங்கக்காரர்கள். மலைக்குள் எல்லைக்கல் ஏது? ஆக, பவேரியாவின் விறகு பேராயர் மண்ணில் நின்றது. பேராயரின் உப்போ அண்டை நாட்டு மண்ணுக்கு அடியில் கிடந்தது. ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்திருந்த நிலை.

1611இல் இது வெடித்தது. பேராயர் வோல்ஃப் டீட்ரிக் ஃபான் ரைட்டனாவ் அக்டோபர் மாதம் படையனுப்பிப் பெர்க்டெஸ்காடனைப் பிடித்தார். உப்பு விலையிலும் விற்பனை உரிமையிலும் எழுந்த பகை அது. பவேரியக் கோமகன் மாக்ஸிமிலியன் பதிலுக்குப் பெரும்படையோடு சால்ஸ்பர்க்குக்குள் நுழைந்தார். பேராயர் தெற்கே கரிந்தியாவை நோக்கித் தப்பியோடினார். வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்தார்கள். பதவி பறிபோனது. தம் தலைநகரின் மீது தாமே ஆண்ட ஹோஹன்சால்ஸ்பர்க் கோட்டையில் ஐந்தாண்டு சிறையிருந்து 1617 ஜனவரியில் அங்கேயே இறந்தார். சால்ஸ்பர்க் நகரத்துக்கு இத்தாலிய அழகைக் கொண்டுவரத் திட்டமிட்ட மனிதர் அவர். இன்று அங்கே சுற்றுலா போகிறவர்கள் மிராபெல் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். அதன் அரண்மனையை முதலில் எழுப்பியவரும் அவரே. அவரை வீழ்த்தியது உப்புக் கணக்கு.

வென்ற மாக்ஸிமிலியனுக்கும் விறகுக் கவலை தீரவில்லை. 1613இல் ரைகன்ஹாலில் வளமான புதிய ஊற்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. உவர்நீர் பெருகியது, காய்ச்ச விறகில்லை. அப்போதுதான் ஒரு தலைகீழ் யோசனை பிறந்தது: விறகை உப்புக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக உப்புநீரை விறகிடம் கொண்டுபோனால் என்ன? ஹான்ஸ் ரைஃபன்ஷ்டூயல் என்ற அரசவைக் கட்டடக் கலைஞரும் அவர் மகன் ஸிமோனும் 1617க்கும் 1619க்கும் இடையில் ரைகன்ஹாலிலிருந்து காடு மிகுந்த ட்ரவுன்ஸ்டைன் ஊர்வரை 31 கிலோமீட்டர் குழாய் போட்டார்கள். குழாய் என்றால் இரும்பில்லை, மரம். நேரான ஊசியிலைத் தண்டுகளை நீண்ட தமரூசியால் நடுவே துளைத்து, ஒன்றன் வாயில் ஒன்றைச் செருகி, இணைப்பில் இரும்பு வளையம் இட்டார்கள். துளைத்த தண்டுகள் காய்ந்து வெடிக்காமல் இருக்கக் குளத்தில் மூழ்கடித்து வைத்திருப்பார்கள். வழியில் மலையேற்றம் சுமார் 250 மீட்டர். அதற்கு ஏழு இறைப்பு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் நீர்ச்சக்கரம் சுழன்று பம்பை இயக்க, உவர்நீர் படிப்படியாக மேலேறியது. உலகின் முதல் நெடுந்தூரக் குழாய்வழிகளில் ஒன்று என்று பொறியியல் வரலாறு இதைச் சொல்கிறது. ட்ரவுன்ஸ்டைன் உப்பாலை 1912இல் மூடும்வரை, ஏறக்குறைய 300 ஆண்டு, அந்த வழியில் உவர்நீர் ஓடியது.

இத்தனை செய்தும் ரைகன்ஹால் கொப்பரைகள் அணையவில்லை. ஸாலாக் காடுகளின் சுமையும் குறையவில்லை. ஆனால் இந்தக் காட்டுக்கு ஒரு நல்லது நடந்தது. அதன் மரங்களை எண்ணத் தொடங்கினார்கள்.

வன அலுவலர்கள் மலைமலையாக ஏறி, எந்தச் சரிவில் எத்தனை வயது மரம், எப்போது வெட்டலாம், வெட்டினால் எந்த ஓடைவழி இறக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். 1661இல் ரைகன்ஹால் உப்பு நிர்வாகத்தில் எழுதப்பட்ட ஒரு கருத்து இன்றும் வனவியல் வகுப்புகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. உப்பூற்றைக் கடவுள் ஓயாமல் தருவதுபோல் காடும் ஓயாமல் நிற்க வேண்டும், பழையது தீருமுன் இளையது வளர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சாக்ஸனியின் கார்லோவிட்ஸ் 1713இல் வெளியிட்ட வனவியல் நூலையே நிலைத்த பயன்பாடு என்ற கொள்கைக்குத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, இந்த மலைக்கடியில் உப்புக் கணக்கெழுதிய குமாஸ்தாக்கள் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். காட்டின்மேல் இருந்த பாசம் அவர்களை அங்கே கொண்டுவிடவில்லை. அடுப்பு அணைந்துவிடுமே என்ற பயம் கொண்டுவிட்டது. பயத்தில் பிறந்த விதியாக இருந்தாலும் காட்டைக் காத்தது அதுதான் என்பது என் கருத்து. ஊற்றுக்கு முடிவில்லை என்பதால் விறகுக்கும் முடிவு வரக்கூடாது என்ற நெருக்கடி வேறெந்தத் தொழிலுக்கும் அவ்வளவு கூர்மையாக வந்ததில்லை. வெள்ளிச் சுரங்கம் ஒருநாள் தீரும், தீர்ந்ததும் காட்டை மறந்துவிடலாம். உப்பூற்றில் அது நடக்காது.

இப்போது காட்டுக்குள் போவோம். அங்கே வீடு இல்லை, ஊர் இல்லை என்றேன். ஆனால் ஆட்கள் இருந்தார்கள். ஹோல்ட்ஸ்க்னெக்ட் என்று அழைக்கப்பட்ட மரவெட்டிகள். வார முதல்நாள் மாவு, நெய், உப்பு முதுகில் கட்டி மலையேறுவார்கள். மரப்பட்டையை உரித்துக் கூரை வேய்ந்த குடிசையில் நடுவே தீ மூட்டி, அதைச் சுற்றிப் படுப்பார்கள். இரும்புச் சட்டியில் மாவைத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, நெய்யில் புரட்டிப் புரட்டி வறுப்பார்கள். 'மூஸ்' என்ற அந்த உணவுதான் காலையும் மாலையும். சனிக்கிழமை கீழிறங்கி ஞாயிறு கோயிலுக்குப் போய், மறுபடி ஏறுவார்கள். கோடையில் வெட்டு, வெட்டிய மரத்தைக் கிளை கழித்து, பட்டை உரித்து, குட்டையான துண்டுகளாக அறுத்து அடுக்கிவிடுவார்கள். மரத்தண்டுகளையே பிணைத்துச் செய்த நீண்ட சறுக்குப் பாதைகள் மேலிருந்து ஓடை வரை இறங்கும். பனிக்காலத்தில் அதில் நீர் தெளித்துவிட்டால் பனிக்கட்டியாகிவிடும், கட்டை வழுக்கிக்கொண்டு பாயும். சறுக்கு இல்லாத இடத்தில் கைச்சறுக்கு வண்டி. பின்னால் பாரமாகக் கட்டை ஏற்றி, முன்னால் ஒருவன் நின்று குதிகாலால் வேகத்தை அடக்கிக்கொண்டு இறங்குவான். கால் தவறினால் பாரம் அவன்மேல்தான்.

வசந்தத்தில் பனி உருகும்போதுதான் ஆண்டின் பெரிய நாள். சிற்றோடையின் குறுக்கே தடித்த மரங்களை அடுக்கிக் கல்லும் களியும் இட்டுத் தடுப்பணை கட்டியிருப்பார்கள். அதற்கு 'க்ளவுஸெ' என்று பெயர். பின்னால் உருகுநீர் தேங்கி ஏரியாகும். அணைக்குக் கீழே ஓடைப்படுகை முழுவதும் கட்டைகள் குவிந்து கிடக்கும். பார்த்துக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்ததும் மதகைத் தாங்கிய உத்தரத்தை ஒருவன் அடித்து விடுவான். அடித்த கணமே ஓரத்துக்குத் தாவ வேண்டும். தேங்கிய நீர் மொத்தமும் ஒரே அலையாக வெடித்து இறங்கும். கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி உருளும் ஓசை மலையிடுக்கில் இடிபோல எதிரொலிக்கும். குறுகிய பாறைச் சந்தில் ஒரு கட்டை குறுக்கே சிக்கினால் போதும், பின்னால் வருவதெல்லாம் மலையாக அடைத்துக்கொள்ளும். நீண்ட கழியின் முனையில் ஈட்டியும் கொக்கியும் கொண்ட கருவியோடு ஒருவன் கயிற்றில் இறங்கி, அடைப்புக்குக் காரணமான அந்த ஒற்றைக் கட்டையைத் தேடி நெம்ப வேண்டும். அது விடுபடும் நொடியில் மேலே இருப்பவர்கள் அவனை இழுத்துவிட வேண்டும். இழுக்கத் தாமதமானால் ஆள் கிடைக்கமாட்டான்.

வைஸ்பாக் ஊரில் ஸைஸன்பெர்க் பிளவு என்று சுமார் 600 மீட்டர் நீளமுள்ள இடுக்கு இருக்கிறது. இருபுறமும் பாறை கிட்டத்தட்டத் தலைக்கு மேல் கூடிவிடும். கட்டை அடைப்பை அவிழ்க்க 1831இல் மரவெட்டிகள் இதன் சுவரோரம் மரநடை அமைத்தார்கள். இன்று நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு நடந்து போகிறார்கள். அந்த நடைபாதையைத் தொடங்கி வைத்தவர்கள் கயிற்றில் தொங்கிய அந்த மனிதர்கள்.

பிரதான ஆற்றில் கலந்த கட்டைகள் ரைகன்ஹாலில் ஆற்றின் குறுக்கே நிறுத்திய மரச்சீப்பில் மோதி நிற்கும். அங்கே கரையேற்றி அடுக்கி, காயவைத்து, உப்பாலைக்கு அனுப்புவார்கள்.

இந்த ஆற்றுப் பயணம் காட்டின் முகத்தையே மாற்றிவிட்டது. இயற்கையில் இந்தச் சரிவுகளில் ஸ்புரூஸ், ஃபிர், பீச் மூன்றும் கலந்து நிற்கும். பீச் கனமான மரம். நீரில் சரியாக மிதக்காது, வழியில் மூழ்கிவிடும். ஸ்புரூஸ் மிதக்கும், நீண்ட சுடரோடு எரிந்து அகன்ற கொப்பரையின் அடி முழுவதையும் சூடேற்றும். ஆகவே உப்பாலைக்கு வேண்டியது ஸ்புரூஸ். நூற்றாண்டுக் கணக்கில் அதையே விரும்பி வளர்த்ததால் பல சரிவுகள் ஒரே மரத்தின் காடாகிவிட்டன. இதன் விலையை இன்றைய தலைமுறை கொடுக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1803க்குப் பிறகு நெப்போலியன் காலத்துப் புயல். சால்ஸ்பர்க் பேராயரின் ஆட்சி முடிந்தது. அடுத்த 13 ஆண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கு எத்தனை கொடியைப் பார்த்தது! முதலில் டஸ்கனியின் ஃபெர்டினாண்ட், 1805இல் ஆஸ்திரியா, 1809இல் பிரெஞ்சுப் படை, 1810இல் பவேரியா. பவேரியாவுக்கு அது பொற்காலம்: பெர்க்டெஸ்காடன், சால்ஸ்பர்க், பின்ட்ஸ்காவ் எல்லாம் ஒரே கையில். உப்பும் விறகும் ஒரே எல்லைக்குள். ஆறே ஆண்டு. நெப்போலியன் வீழ்ந்ததும் 1816 ஏப்ரல் 14 அன்று மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. சால்ஸ்பர்க்கும் பின்ட்ஸ்காவும் ஆஸ்திரியாவுக்கு, பெர்க்டெஸ்காடன் பவேரியாவுக்கு. இப்போதைய எல்லை அன்று விழுந்ததுதான்.

கோடு போட்டார்கள், ஆனால் மலையும் ஆறும் அந்தக் கோட்டைக் கேட்கவில்லை. ஹாலைன் சுரங்கம் இப்போது ஆஸ்திரியாவுக்குச் சொந்தம், அதன் உப்புப் படுகையோ பவேரிய நிலத்துக்கு அடியில். ரைகன்ஹால் பவேரியாவுக்கு, அதன் விறகோ ஆஸ்திரியாவில். பழைய கழுத்துப்பிடி அப்படியே இருந்தது, பெயர்கள்தாம் பெரிதாகிவிட்டன. பேச்சுவார்த்தை 13 ஆண்டு இழுத்தது. 1829 மார்ச் 18 அன்று இரு அரசுகளும் உப்பாலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் சாரம் எளிமையானது. ஸாலாக் காடுகள் பவேரியாவின் நிரந்தரச் சொத்து; ஆட்சி அதிகாரம் ஆஸ்திரியாவுடையது, மரமும் நிலமும் பவேரியாவுடையது. பதிலுக்கு ட்யூர்ன்பெர்க் சுரங்கக்காரர்கள் எல்லைக்கு அடியில் பவேரிய மண்ணில் உப்பு வெட்டலாம். நீ என் தரைமேல் வெட்டு, நான் உன் தரைக்குக் கீழே வெட்டுகிறேன். 600 ஆண்டு வழக்கு இப்படி முடிந்தது. இன்றும் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் பழைய ஒப்பந்தங்களில் இது ஒன்று.

இந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அரசர்கள் பெற்றது இல்லை. இடையில் நசுங்கியிருக்க வேண்டியவர்களை அது மறக்கவில்லை என்பதுதான். பின்ட்ஸ்காவ் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டில் வீட்டுக்கு மரமும் அடுப்புக்கு விறகும் எடுத்தவர்கள், கோடையில் உயர்மலை மேய்ச்சல்வெளிகளில் மாடு விட்டவர்கள். காட்டின் உடைமை அயல்நாட்டு அரசுக்குப் போனாலும் அந்த உரிமைகள் காக்கப்பட்டன. அவற்றில் பல இன்றும் அந்தந்தப் பண்ணைவீட்டோடு சேர்ந்து பரம்பரையாக வருகின்றன. அதேபோல் ட்யூர்ன்பெர்க்குக்கு மேலே வாழ்ந்த பவேரிய விவசாயக் குடும்பங்களுக்கு ஆஸ்திரியச் சுரங்கத்தில் வேலை பெறும் உரிமை கிடைத்தது. தங்கள் நிலத்துக்குக் கீழே தோண்டுகிறவர்களிடம் கூலி வேலை கேட்கும் உரிமை அது. எல்லைக்கோடு போடும்போது மேசைக்கு வராத குடியானவனின் விறகுக்கட்டையையும் எழுதி வைத்த ஒப்பந்தங்கள் வரலாற்றில் மிகக் குறைவு.

அடுத்த நூறாண்டில் காடு எதற்காகக் காக்கப்பட்டதோ அந்தத் தேவையே மெல்ல மறைந்தது. 1834 நவம்பரில் ரைகன்ஹால் நகரம் பெரும்பகுதி எரிந்து போனது. மன்னர் முதலாம் லூட்விக் உப்பாலையைச் செங்கல்லும் கல்லுமாக ஓர் அரண்மனைபோலத் திரும்பக் கட்டினார். அந்தப் பழைய உப்பாலை இன்று அருங்காட்சியகம். பிறகு ரயில் வந்தது, ரயிலில் நிலக்கரி வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைகன்ஹாலுக்கு மேலே ஸாலாக்கின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை எழுந்தது. கட்டை மிதந்த காலம் முடிந்துபோனது. மரம் இனி விறகாகப் போகாமல் அறுவை ஆலைக்குப் போனது.

தேவை போன பின்னும் உரிமை நின்றது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது எல்லையே இல்லாமல் போயிற்று. 1945இல் எல்லை திரும்பி வந்தபோது ஆஸ்திரியாவில் இருந்த ஜெர்மானியச் சொத்துகள் எல்லாம் கேள்விக்குள்ளாயின. ஸாலாக் காடுகளும் ஆஸ்திரிய நிர்வாகத்தின் கீழ் போயின. ஒரு போரில் தோற்ற தரப்பு 100 ஆண்டுப் பழைய தாளைக் காட்டி 45,000 ஏக்கர் கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஆனால் கொடுத்தார்கள். 1957 மார்ச் 25 அன்று பவேரியாவும் ஆஸ்திரியாவும் 1829 ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திட்டன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உண்டாக்கிய ரோம் ஒப்பந்தமும் அதே நாளில்தான் கையெழுத்தானது. அன்றைய செய்தித்தாள்களுக்கு ரோம்தான் தலைப்பு. காட்டுக்கு மற்றது.

ஹாலைன் சுரங்கம் 1989இல் உப்பெடுப்பதை நிறுத்தியது. இப்போது அங்கே பார்வையாளர்கள் மட்டுமே இறங்குகிறார்கள். சுரங்கத்துக்குள் நடக்கும்போது ஓரிடத்தில் எல்லைக்குறி இருக்கிறது. அதைத் தாண்டினால் தரைக்கு அடியில் ஜெர்மனி. சோதனைச்சாவடி இல்லை, கடவுச்சீட்டு கேட்பாரில்லை. அந்தச் சில நூறு அடிகள் நடக்கும் உரிமைக்கு ஈடாக மறுபக்கம் ஒரு காடு நிற்கிறது.

காட்டின் இன்றைய நிலை என்ன? 2005 முதல் பவேரிய அரசு வன நிறுவனத்தின் கிளையாகச் சாங்க்ட் மார்ட்டின் அலுவலகம் இதைப் பார்த்துக்கொள்கிறது. இங்கே இப்போது பெரிய வேலை, உப்புக்காலத்தில் செய்ததைச் சரிசெய்வது. ஒரே மரமாக நிற்கும் ஸ்புரூஸ் காட்டை வெப்பம் கூடக்கூடப் பட்டை வண்டு தின்கிறது. வேர் ஆழமில்லாததால் காற்றில் கூட்டமாகச் சாய்கிறது. அவற்றுக்கு நடுவே ஆழமாக வேர்விடும் ஃபிர், பீச், லார்ச் மரங்களைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். நட்டால் மட்டும் போதாது. மானும் மலையாடும் ஃபிர் கன்றின் நுனித்தளிரை முதலில் தேடிவந்து கடிக்கும். கையளவு கன்றின் நுனியைச் சுற்றி ஆட்டுக்கம்பளி சுற்றியோ கசப்புப் பூசியோ காக்க வேண்டும், வேட்டையாடி மந்தையைக் குறைக்க வேண்டும். ஒரு கன்று மானின் வாய்க்கு எட்டாத உயரம் வளர இங்கே பத்து, இருபது ஆண்டு ஆகும். கீழே பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலையும் ஊர்களும் இருக்கின்றன. மேலே இந்தக் காடு நின்றால்தான் பனிச்சரிவும் பாறையும் அவர்கள் தலையில் விழாது. உப்புக்காக நின்ற காடு இப்போது உயிருக்காக நிற்கிறது.

ஆளில்லாத அரசுக் காடு என்ற அளவில் ஸாலாக் காடுகள் தனித்த விந்தை இல்லை. எல்லைக்கு அப்பால் பவேரியாவிலேயே எந்த ஊராட்சியிலும் சேராத அரசுக் காடுகள் பல உண்டு. உன்டர்ஸ்பெர்க் மலையின் கிழக்குச் சரிவில் உள்ள ஷெல்லன்பெர்க் காடு அவற்றில் ஒன்று: சுமார் 9 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை பூஜ்யம். ஊராட்சித் தலைவர் இல்லை, வாக்காளர் இல்லை. மேலே கோடையிலும் உருகாத பனிக்குகை இருக்கிறது. பேரரசர் ஒருவர் அந்த மலைக்குள் தூங்குகிறார் என்று ஊரார் கதை சொல்வார்கள். அதன் அடிவாரத்து ஊரான ஷெல்லன்பெர்க்கிலும் 1805 வரை ஓர் உப்பாலை எரிந்தது.

2029 மார்ச் 18 அன்று உப்பாலை ஒப்பந்தத்துக்கு 200 வயது நிறைகிறது. அது இன்னும் அமலில்தான் இருக்கிறது.

(அடுத்த அத்தியாயம்: 1817இல் ஜியார்க் ஃபான் ரைகன்பாக் இல்ஸாங்கில் நிறுவிய நீர்த்தூண் பொறி, உவர்நீரை 356 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிய கதை.)